பழைய கருவிகளைத் தயாரித்த நிறுவனத்திடமே திருப்பிக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: எட்டு ஆண்டுப் பழைய லேப்டாப் ஒன்று, நன்றாக வேலை செய்யும் கைப்பேசி ஒன்று, திரை நொறுங்கிய கைப்பேசி ஒன்று, மை காய்ந்துபோன பிரிண்டர் ஒன்று வீட்டில் கிடக்கின்றன. "பழையதைக் கொடுங்கள், புதியதில் கழித்துக்கொள்கிறோம்" என்கிறது ஒரு தயாரிப்பு நிறுவனம். "இலவசமாக வாங்கி மறுசுழற்சி செய்கிறோம்" என்கிறது இன்னொன்று. விலை நியாயமானதா, உள்ளே இருக்கும் படங்களும் வங்கி விவரங்களும் என்ன ஆகும், சொன்னபடி மறுசுழற்சி நடக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

பழைய கருவிகளைப் பிரித்துத் தரம் பார்க்கும் பட்டறையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உயிரோடு இருப்பதை உடனே விற்றுவிடுங்கள். யாரிடம் என்பது அடுத்த கேள்வி. செத்ததைத் தயாரித்தவரிடமே கொடுங்கள். இரண்டுக்கும் முன்னால் உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கைக் கருவியிலிருந்து நீக்குங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் பணமும் தலைவலியும் விவரத்தில்தான் இருக்கின்றன.

'திரும்பப் பெறும் திட்டம்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று எக்ஸ்சேஞ்ச். அது முழுக்க வியாபாரம். நிறுவனம் உங்கள் பழைய பொருளை விலைக்கு வாங்கி, அந்தத் தொகையை அடுத்த பொருளில் கழிக்கிறது. நீங்கள் வேறு நிறுவனத்தின் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதே அதன் முதல் நோக்கம். மற்றொன்று பொறுப்பு. சந்தையில் விட்ட பொருள் கழிவாகும்போது அதற்கும் தயாரித்தவரே பதில் சொல்ல வேண்டும் என்ற கொள்கையை ஸ்வீடனின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-இல் முன்வைத்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் அதை மின்னணுப் பொருள்களுக்குச் சட்டமாக்கியது. ஜப்பானில் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி போன்ற பெரிய வீட்டுச் சாமான்களுக்கு 2001 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே பொருளைத் தூக்கிப் போடுகிறவரே மறுசுழற்சிக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். இந்தியாவில் இந்தப் பொறுப்பு 2012 முதல் விதியாக நடைமுறையில் உள்ளது. ஆகவே பல நாடுகளில் 'இலவசமாக வாங்கிக்கொள்கிறோம்' என்பது நிறுவனத்தின் பெருந்தன்மை கிடையாது. அதற்கான செலவு நீங்கள் பொருளை வாங்கிய அன்றே விலையில் ஏறியிருக்கும். கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

சட்டம் வரும் முன்பே தொடங்கியவர்களும் உண்டு. ஹியூலட்-பேக்கார்ட் 1991 முதல் காலியான டோனர் (லேசர் பிரிண்டர் மைத்தூள்) கெட்டிகளைத் திரும்பப் பெறுகிறது. சுற்றுச்சூழல் அக்கறை இருக்கட்டும். காலிக் கெட்டி மறுநிரப்பு செய்கிறவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வசதியும் அதில் சேர்ந்தே வருகிறது என்பது என் எண்ணம்.

இனி எக்ஸ்சேஞ்ச் விலை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் அல்ல, தாராளமாகப் பல்லைப் பிடித்துப் பாருங்கள். ஒரு சிறு கணக்குப் போதும். புதிய கைப்பேசியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பழையதற்கு 20 கழிக்கிறார்கள். அதே புதிய கைப்பேசி அதே நாளில் வேறொருவரிடம் எந்த எக்ஸ்சேஞ்சும் இல்லாமல் 88-க்குக் கிடைக்கிறது என்றால், உங்கள் பழைய கைப்பேசிக்கு நிறுவனம் உண்மையில் கொடுத்த விலை 8. மீதி 12 எப்படியும் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி. இந்தக் கழித்தலைச் செய்யாமல் "நல்ல விலை கொடுத்தார்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் பலரை எனக்குத் தெரியும். சில சமயம் கணக்கு மறுபக்கமும் சாயும். புது மாடல் வந்த முதல் வாரங்களில், விற்பனையை முடுக்குவதற்காகச் சந்தை விலைக்கும் மேலே கொடுப்பார்கள். அப்போது யோசிக்காமல் கொடுத்துவிடலாம்.

இணையத்தில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னதும் ஒரு தொகை காட்டுவார்களே, அதை உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான விலை தீர்மானமாவது சோதனை மேசையில். பெட்டியிலிருந்து எடுத்ததும் கைப்பேசியை வெள்ளைக் குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பிடிப்போம். நேரே பார்த்தால் தெரியாத கீறலெல்லாம் அந்தச் சாய்வில் கோடு கோடாக எழும்பும். பிறகு திரை முழுவதையும் சாம்பல் நிறமாக்குவோம். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற பட்டன்களின் நிழல் அதில் பேய்போலத் தெரியும். சிம் தட்டை உருவி, உள்ளே டார்ச் அடித்து, ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு ஒட்டுத்தாள் சிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். சிவந்திருந்தால் மேலே சோதிப்பதில் அதிக ஆர்வம் இருக்காது. கடைசியில், ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருட்டுப் பட்டியலோடு ஒப்பிடுவோம். ஒரு கைப்பேசிக்கு இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'நல்ல நிலை' என்று நீங்கள் சொன்னது மேசையில் இரண்டாம் தரமோ மூன்றாம் தரமோ ஆவது இப்படித்தான்.

விலையைக் குறைத்தால் மறுக்கும் உரிமை பொதுவாக உங்களுக்கு இருக்கும். ஆனால் மறுத்தால் பொருளை இலவசமாகத் திருப்பி அனுப்புவார்களா, பதில் சொல்ல எத்தனை நாள் தருகிறார்கள் என்பதை முன்கூட்டியே படியுங்கள். குறித்த நாளுக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று கொள்ளும் திட்டங்களும் இருக்கின்றன. பெட்டியில் கட்டுவதற்கு முன் திரை ஒளிரும் நிலையில், ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும்படி, நான்கு பக்கமும் சுற்றி ஒரு சிறு காணொளி எடுத்து வையுங்கள். நானே ஒருமுறை என் பழைய டேப்லெட்டை ஒரு திட்டத்துக்கு அனுப்பி, "திரையில் விரிசல்" என்று பாதி விலைக்கு இறக்கப்பட்டேன். காணொளியை அனுப்பிய இரண்டாம் நாள் முழுத் தொகை வந்தது. விரிசல் வழியில் விழுந்ததா, யாருடைய கண்ணில் விழுந்ததா, இன்றுவரை தெரியாது.

யாரிடம் விற்பது என்பதற்கு ஒரே பதில் இல்லை. நேரடியாக ஒருவருக்கு விற்றால் தொகை அதிகம்; பேரமும் முன்பின் தெரியாதவர்களைச் சந்திப்பதும் சேர்ந்தே வரும். பழையதைப் புதுப்பித்து விற்பவர்களிடம் கொடுத்தால் நடுத்தரமான தொகை கிடைக்கும். தயாரிப்பு நிறுவனத்திடம் பெரும்பாலும் தொகை குறைவு, தொந்தரவும் குறைவு. ஆனால் அது பெரும்பாலும் ரொக்கமாக வராது, அந்த நிறுவனத்திலேயே கழித்துக்கொள்ளக்கூடிய தொகையாக வரும். உங்களுக்கு நேரம் குறைவு, அதே நிறுவனத்தில்தான் அடுத்ததையும் வாங்கப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்சேஞ்ச் மோசமான பேரம் ஆகாது.

எங்கே கொடுப்பது என்பதைவிட எப்போது கொடுப்பது என்பதில்தான் பெரும் தொகை கரைகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். கைப்பேசி யானை இல்லை. பத்து லட்சம் கைப்பேசிகளை உருக்கினால் ஏறத்தாழ 34 கிலோ தங்கம், 350 கிலோ வெள்ளி, 16 டன் செம்பு கிடைக்கும் என்பது அமெரிக்க அரசு அமைப்புகள் முன்பு வெளியிட்ட கணக்கு. கேட்கும்போது சுரங்கம்போல இருக்கிறது. ஒரு கைப்பேசிக்கு வகுத்தால் தங்கம் 34 மில்லிகிராம், மூக்குத்திக்குக்கூடக் காணாது. அதைப் பிரித்தெடுக்கும் செலவு வேறு. உங்கள் கைப்பேசிக்குக் கிடைக்கும் விலை முழுவதும் அது இன்னொருவர் கையில் இன்னும் சில ஆண்டுகள் ஓடும் என்பதற்கான விலைதான். அந்த ஓட்டம் இழுப்பறைக்குள்ளேயே தீர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த மாடல் வெளியாகும் நாளில் ஒரு சரிவு, பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோகும் நாளில் இன்னொரு சரிவு, பூஜ்யத்துக்கு இறங்கிக் கிடக்கும் பேட்டரி ஒருநாள் சார்ஜ் ஏற மறுக்கும்போது கடைசிச் சரிவு. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று எடுத்து வைத்தவற்றில் எத்தனை அவசரத்துக்கு உதவின என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது கணக்குப் பூட்டு. ஒருநாள் பட்டறைக்கு வந்த பெட்டியில் கையால் தைத்த துணி உறைக்குள் ஒரு ஐபோன் இருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, விளிம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். இயக்கியதும் வரவேற்புத் திரை வந்தது; அடுத்த திரையில் முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றது. உரிமையாளரைத் தொடர்புகொண்டு பார்த்தோம், பதில் இல்லை. எங்களால் திறக்க முடியாது, அப்படித் திறக்க முடியக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டே. முதல் தரமாகப் போயிருக்க வேண்டிய கைப்பேசி, அப்படியே மறுசுழற்சித் தொட்டிக்குப் போனது.

ஆப்பிள் இந்தப் பூட்டை 2013-இலும், ஆண்ட்ராய்டு இதே போன்ற ஒன்றை 2015-இலும் கொண்டுவந்தன. அமைப்புகளுக்குள் போய், கணக்கிலிருந்து வெளியேறி, 'அனைத்தையும் அழி' என்று கொடுத்தால் பூட்டும் சேர்ந்து நீங்கும். பொத்தான்களை அழுத்திப் பிடித்தோ கணினியில் இணைத்தோ குறுக்கு வழியில் அழித்தால் தரவு போய்விடும், பூட்டு மட்டும் அப்படியே நிற்கும். ஐபோனை அனுப்பிய பிறகு நினைவு வந்தால், இணையத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து அதைப் பட்டியலிலிருந்து நீக்க இன்னும் வழி உண்டு. கைக்கடிகாரத்துக்கும் டேப்லெட்டுக்கும் இதே கதைதான். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பாக இருந்தால், அலுவலகமே தன் நிர்வாகப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும். நீங்கள் எத்தனை முறை அழித்தாலும் அது மறுபடி அலுவலகத்தையே தேடும்.

அழிப்பதற்கு முன் ஒரு காரியம். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண் தரும் செயலி பழைய கைப்பேசியில் இருந்தால், அதை முதலில் புதியதற்கு மாற்றுங்கள். படங்களை எல்லோரும் நினைவாக நகலெடுக்கிறார்கள், இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு சொந்தக் கணக்கின் வாசலிலேயே நிற்கிறார்கள்.

தரவைப் பற்றிய அச்சம் கைப்பேசியில் ஓரளவு தேவையற்றது. சில ஆண்டுகளாக வரும் கைப்பேசிகள் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே, சேமிக்கின்றன. முறையாக அழித்தால் அழிவது அந்தக் குறியாக்கத்தின் சாவி. சாவி போனபின் உள்ளே இருப்பது அர்த்தமில்லாத எண்கள். கவலைப்பட வேண்டியது பழைய லேப்டாப்பைப் பற்றி. 'டெலிட்' செய்து குப்பைத்தொட்டியைக் காலி செய்வது, புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. பக்கங்கள் அங்கேயே இருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், முழுவதையும் ஒருமுறை மேலெழுதினால், அதாவது பழைய தரவின்மேல் வேறு தரவை எழுதினால் போதும். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழங்கதை. சுழலும் பாகம் இல்லாமல் சில்லுகளிலேயே சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் மேலெழுதுவதை நம்ப வேண்டாம். தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், பழைய துண்டுகள் ஓரமாகத் தங்கிவிடும். முதலில் முழு வட்டையும் குறியாக்கம் செய்து, பிறகு அழிப்பதே வழி. லேப்டாப் உயிரே இல்லாமல் கிடந்தால் பின்மூடியைத் திறந்து வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பல பழைய மாடல்களில் நாலைந்து திருகாணி வேலைதான்.

உடைந்த திரையுள்ள கைப்பேசியை எப்படி அழிப்பது? அது இயங்குகிறது, தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், சிறு இணைப்பான் வழியாக ஒரு சாதாரண மவுசைச் செருகுங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அம்புக்குறி தோன்றும். திரை முழுக்க இருட்டாக இருந்தால், கணக்கின் வழியாகத் தொலைவிலிருந்து அழிக்கும் ஆணையைக் கொடுங்கள்.

பேட்டரியைப் பற்றி ஒரு கண்டிப்பு. லேப்டாப்பின் தொடுபலகை மேலெழும்பி நின்றாலோ, மூடி சரியாக மூட மறுத்தாலோ, கைப்பேசியின் திரை ஓரத்தில் பிளந்து வெளிச்சம் கசிந்தாலோ, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், நீங்களே நெம்பி எடுக்காதீர்கள், அஞ்சலிலும் அனுப்பாதீர்கள். திட்டத்தை நடத்துபவரை அழைத்து, வீங்கிய பேட்டரி என்று சொல்லி, நேரில் வாங்கும் இடத்தைக் கேளுங்கள். குப்பை லாரிகளும் கிடங்குகளும் தீப்பிடிப்பதற்கு நசுங்கிய லித்தியம் பேட்டரி ஒரு முக்கியமான காரணம்.

சரி, கொடுத்த பிறகு உண்மையில் என்ன நடக்கிறது? விளம்பரத்தில் காட்டுவது ரோபோவை. ஆப்பிள் 2018-இல் அறிமுகப்படுத்திய 'டெய்சி' மணிக்கு 200 ஐபோன் வரை பிரிக்கும், நல்ல இயந்திரம்தான். ஆனால் பெரும்பாலான மின்னணுக் கழிவின் விதி அரவை இயந்திரம். பேட்டரியைக் கழற்றிவிட்டு மீதியை நொறுக்குவார்கள். காந்தம் இரும்பைப் பிடிக்கும், சுழல் மின்னோட்டம் அலுமினியத்தைத் தள்ளும், சர்க்யூட் போர்டுத் துண்டுகள் செம்பு உருக்காலைக்குப் போகும். பெல்ஜியத்தில் ஹோபோகனில் உள்ள உமிகோர் ஆலை அப்படிப்பட்டது. உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பின்னர் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். பிளாஸ்டிக் அந்த உலையிலேயே எரிபொருளாகிவிடும். ஒலிபெருக்கியிலும் அதிர்வு மோட்டாரிலும் உள்ள காந்தங்களில் இருக்கும் அரிய மண் தனிமங்கள் என்னும் உலோகங்கள் பெரும்பாலும் கசடோடு தொலையும். உலகின் அரிய மண் தேவையில் மின்னணுக் கழிவின் மறுசுழற்சி தருவது சுமார் ஒரு சதவீதம்தான். 2022-இல் உலகம் போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. ஓடும் கருவியை மறுசுழற்சிக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நிறுவனங்களுக்கு இதில் வேறு கணக்கு இருக்கலாம். 2020-இல் ஆப்பிள் தன் கனடா மறுசுழற்சி ஒப்பந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. நொறுக்கச் சொல்லி அனுப்பிய கருவிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை நொறுக்கப்படாமல் விற்கப்பட்டுவிட்டன என்பது குற்றச்சாட்டு. அந்த நிறுவனமோ, சில ஊழியர்கள் செய்த திருட்டு என்றது. யார் சரி என்பது இருக்கட்டும். அழிக்க அனுப்பியவற்றில் இவ்வளவு கருவிகளுக்கு மறுபடி வாங்க ஆள் இருந்தது என்பதுதான் என் மனத்தில் தங்கிய செய்தி.

கழிவு வேறு நாட்டுக் குப்பைமேட்டுக்குப் போகுமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. 1989-இல் உருவான பாசெல் ஒப்பந்தம் ஆபத்தான கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. 2025 ஜனவரி 1 முதல், ஆபத்தானது அல்லாத மின்னணுக் கழிவுக்கும் பெறும் நாட்டின் முன் சம்மதம் தேவை. இருந்தும் 'பயன்படுத்திய பொருள்' என்று சீட்டு ஒட்டிக் கழிவை அனுப்புவது நடக்கிறது. நீங்கள் கேட்கக்கூடியது ஒன்று: மறுசுழற்சி செய்பவர் யார், அவருக்கு ஆர்2 அல்லது இ-ஸ்டூவர்ட்ஸ் என்ற மறுசுழற்சித் தரச் சான்றிதழோ அரசின் அங்கீகாரமோ இருக்கிறதா? பெயரைச் சொல்லத் தயங்குகிற திட்டத்துக்குக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் நான்கு பொருள்கள். ஓடும் கைப்பேசிக்கு இந்த வாரமே மூன்று இடத்தில் விலை கேட்டு, நான் சொன்ன கழித்தலைச் செய்து, கொடுத்துவிடுங்கள். திரை உடைந்ததற்கும் முதலில் விலை கேளுங்கள், மதர்போர்டும் கேமராவும் நன்றாக இருந்தால் உதிரிபாகத்துக்காவது வாங்குவார்கள். ஒன்றும் தரவில்லை என்றால் இலவச மறுசுழற்சி. லேப்டாப்பைக் கொடுக்கும் முன் ஒரு யோசனை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதால் நல்ல நிலையில் இருந்த பல லேப்டாப்கள் விலை இழந்தன; லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு எஸ்.எஸ்.டி. மாற்றினால் படிக்கிற பிள்ளைக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அது வேண்டாம் என்றால் தயாரித்தவரிடம் கொடுங்கள். வேறு நிறுவனத்தின் பொருளையும் சேர்த்து வாங்கிக்கொள்பவர்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

பிரிண்டருக்கு யாரும் விலை தரமாட்டார்கள், அது நேரே மறுசுழற்சிக்குத்தான். மைக்கெட்டியைக் கழற்றிப் பையில் கட்டித் தனியாகக் கொடுங்கள், வைஃபை கடவுச்சொல் போக அதன் அமைப்புகளை அழியுங்கள். கடைசியாக, ஸ்கேன் செய்யும் கண்ணாடியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். பட்டறைக்கு வந்த பிரிண்டர்களில் எங்களுக்கு அடிக்கடி கிடைத்தவை பாஸ்போர்ட்டும் பட்டச் சான்றிதழும்.